பிடித்துவைத்த எண்

செம்மணல்விளைக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை ஆறரை மணிக்கு, முதல் மோட்டார் ஓடத் தொடங்கி ஆற்றுத் தண்ணீர் இருமிக்கொண்டே குழாய்க்குள் ஏறிய நேரத்தில், தொட்டியின் நீர்மட்டத்தையும் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தையும் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் காட்டிக்கொண்டிருந்த கணினித் திரையில், அவற்றுக்குக் கீழே, ஊரைவிட்டுப் போய் இன்னும் திரும்பாதவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த ஆள் அந்த நிமிடத்தில் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்ற எண் இருந்தது.

நிலையத்தின் இரும்புப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. மோட்டாரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பது அதுதான். அதற்குள் ஓடும் நிரலை எழுதியவள் செல்வக்கனி, அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள், முப்பத்து நான்கு வயதுக்காரி. எழுதியதோடு அவள் வேலை முடியவில்லை. ஓடுகிற நிரலை நிறுத்தாமல், அதன் வயிற்றுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் மதிப்புகளை ஒரு கேபிள் வழியாகத் தினமும் எட்டிப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. அந்த மதிப்புகளை மாறிகள் என்பார்கள். ஊர்க்காரர்கள் கேட்டால், "உலை மூடியத் தொறக்காம அரிசி எவ்வளவு வெந்திருக்குன்னு பாக்குற மாதிரி" என்பாள். அவள் எழுதியவை அறுபத்து நான்கு மாறிகள். அன்று காலை நூற்று ஐந்து இருந்தன. கூடுதலாக வந்த நாற்பத்தொன்றுக்கும் பலகையில் இடமே கிடையாது. அவள் ஒரு முறை நினைவகத்தைச் சோதித்தாள், இரண்டாவது முறையும் சோதித்தாள், தொட்டி ஒழுங்காக நிரம்புகிறது என்று பார்த்துக்கொண்டாள், பிறகு எல்லோரையும் போல அவளும் தனக்கு வேண்டிய பெயரைத் தேடினாள்.

தங்கத்துரை. இரண்டாயிரத்து அறுநூற்று எழுபது.

அவள் கணவன் மஸ்கட் போய் அப்போது ஆறாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறான், இந்தா விடுகிறேன் அந்தா விடுகிறேன் என்கிறான் என்று வெள்ளிக்கிழமைதோறும் போனில் சொல்லுவான். திரையில் அந்த எண்ணை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். சொன்ன இடத்தில்தான் இருக்கிறான். உயிரோடு, அசையாமல், அங்கேதான் இருக்கிறான்.

ஊர் அந்தப் பட்டியலைத் தண்ணீர் வரும் நேரத்தைப் போல ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் கற்பூரம் கொளுத்தினார்கள். மின்பெட்டிக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று மோட்டார் இயக்குநர் சுடலைமணி அண்ணாச்சி சொன்னதும் நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் பேரூராட்சி வெளிச்சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டியது, மூன்றாம் வாரம் தகரக் கொட்டகையும் இரண்டு பெஞ்சும் வந்தன. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பயந்து பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன மகனின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்த பொன்னுக்கிளி, அவன் பெயருக்கு எதிரே ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போய் மாலையைக் கழற்றி வாழைக்குழியில் போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள், மழையானாலும் வெயிலானாலும் தினம் ஒரு மணி நேரம் அந்த எண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், மகன் சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவளைப் போல. கப்பலில் போன மாலுமியின் எண் அலையோடு ஏறி இறங்கியது. சாமுவேல் வாத்தியார் ஆறாம் வகுப்பைக் கூட்டிவந்து, நூலால் வரைபடத்தில் வட்டம் போட்டு, இன்றைக்கு அவர் இந்த வட்டத்தின்மேல் எங்கேயோ மிதக்கிறார் என்று கடல்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். பரோட்டாக் கடை லிங்கதுரையின் மகள் வேறு சாதிப் பையனோடு போனவள். அவள் பெயருக்கு எதிரே வெறும் நாலு. லிங்கதுரை தினமும் வந்து அந்த நாலைப் பார்ப்பார், மூக்கைச் சிந்துவார், போய்விடுவார். நாற்பதாவது நாள் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. வீடு திரும்பியவர்களின் பெயர் அப்படித்தான் மறையும். அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் ஆம்லெட் சும்மா கிடைத்தது.

மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். பட்டியலை வெகுநேரம் பார்த்தவர், "எங்க ஊர்ப் பேரெல்லாம் இதுல வராதோ?" என்று கேட்டார். வராது என்றார்கள். மோட்டார்கள் இரண்டும் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு முறை திரும்பி வந்து பார்த்தார்.

ஊர் தனக்கென்று ஒரு விதியும் வைத்துக்கொண்டது. ஒருவர் வீட்டு ஆளின் எண்ணை இன்னொருவர் வாய்விட்டு வாசிக்கக் கூடாது. முதல் வாரமே சாமுவேல் வாத்தியார் சொன்ன விதி அது. எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். எவ்வளவு மரியாதை தெரிந்த ஊருக்கு வாழ வந்திருக்கிறோம் என்று செல்வக்கனி அன்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வருஷமும் நான்கு மாதமும் இப்படிப் போயின. மற்றவர்களின் எண்கள் புள்ளிக்குப் பின்னால் துடித்துக்கொண்டே இருந்தன, ஆட்கள் கடைக்குப் போய் வருவதைப் போல, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் புரண்டு படுப்பதைப் போல. தங்கத்துரையின் எண் மட்டும் துடிக்கவே இல்லை. பாவம், அடைத்து வைத்த இடத்திலேயே கிடக்கிறான் என்று அவள் இன்னும் கொஞ்சம் உருகினாள். வெள்ளிக்கிழமை போனில் அதைச் சொல்லவும் செய்தாள். அவன் பெருமூச்சு விட்டான்.

ஆடி மாதத்தில் இரண்டாவது மோட்டார் மக்கர் செய்யத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். திரையைப் பார்த்தால் எல்லா மதிப்பும் சரியாகவே தெரியும். அந்தத் திரை நொடிக்கு இரண்டு முறைதான் மதிப்புகளைப் படித்துக் காட்டும். இரண்டு பார்வைக்கு நடுவே எது நடந்தாலும் கண்ணில் படாது. அதற்காக நொடிக்கு ஆயிரம் முறை படித்துக் கோடாக வரைந்து வைக்கும் பதிவு ஒன்று அவளிடம் இருந்தது. மோட்டாரின் மின்சாரத்தை அதில் சேர்த்தாள், மின்னழுத்தத்தைச் சேர்த்தாள், வால்வைச் சேர்த்தாள். கடைசியில் தங்கத்துரையின் பெயரையும் சேர்த்தாள். மோட்டாருக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோடுகளைப் பார்க்கப் போகிறோம், அவன் கோடும் பக்கத்தில் ஓடட்டுமே என்றுதான்.

மோட்டார் நின்ற காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் ஒரு ரிலேயின் கம்பி தளர்ந்திருந்தது. அவள் அதை முடுக்கப் போகவில்லை. தங்கத்துரையின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து அறுநூற்று எழுபதில் தட்டையாக ஓடிய அந்தக் கோடு, நொடிக்கு ஒரு தடவை, மயிரிழை அகலத்துக்குத் தரைக்கு விழுந்து உடனே எழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். விழுந்த இடத்தில் இருபத்து மூன்று. அடுத்த நொடியும் இருபத்து மூன்று. அதற்கடுத்த நொடி இருபத்து மூன்று புள்ளி ஒன்று.

கேபிளை மாற்றினாள். மறுபடியும் விழுந்தது. மற்ற முப்பத்தொன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒருவர் கோடும் விழவில்லை.

பார்க்கிற திரையாலேயே எழுதவும் முடியும். தொட்டியின் நீர்மட்டம் காட்டும் மிதவை பழுதானால், சரிசெய்யும்வரை ஒரு மதிப்பைக் கையால் எழுதிப் பிடித்து வைக்கலாம். பலகை தன் மதிப்பை எழுத எழுத, கணினி அதன்மேல் நம்முடையதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கும். அதைச் சுடலைமணிக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவளேதான். பிடித்துவைத்த மதிப்புகளின் பட்டியலை இப்போது திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது. தங்கத்துரை, 2670. எழுதிய நாள், பெயர்கள் வந்த அதே செவ்வாய்க்கிழமை. நேரம் ஆறு ஐம்பத்திரண்டு. பெயர்கள் வந்திருக்கின்றன என்று அன்று அவளுக்குப் போன் வந்தபோது மணி ஏழு பத்து.

சுடலைமணி மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சியாகத்தான் நடத்துவார்.

"அண்ணாச்சி, இத யாரு பிடிச்சு வச்சது?"

அவர் எட்டித் திரையைப் பார்த்தார். "மோட்டாரு ஏன் நிக்குன்னு தெரிஞ்சுதா தங்கச்சி?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "நாந்தான்."

"ஏன்?"

"பேரு வந்ததும் பாத்தேன். இருவத்தி மூணுன்னு நின்னுச்சு. ஒங்களுக்குப் போன் போடுததுக்கு முன்னால ஒங்க அத்தைக்குப் போட்டேன். மாத்த முடியுமாய்யான்னு கேட்டாவ. முடியும்னேன். மஸ்கட்டு எவ்வளவு தூரம்னு வாத்தியார்ட்ட கேட்டு எழுதுனேன்."

"வாத்தியாருக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் தங்கச்சி." அவர் துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "அவன் மஸ்கட்டு போனது நெசந்தான். எட்டே மாசத்துல திரும்பிட்டான். நடுவக்குளத்துல மிக்ஸி ரிப்பேர் கடை வச்சிருக்கான். அங்க ஒரு பொம்பள. நாலு வயசுல ஒரு பிள்ளையும் இருக்கு."

ஒரு வருஷமும் நான்கு மாதமும் தினம் காலையில் தன் தோளுக்குப் பின்னால் நின்று அந்த எண்ணைப் பார்த்த முகங்கள் எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன: வாத்தியார், லிங்கதுரை, பொன்னுக்கிளி. அவள் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம் அவர்களும் சிரித்தார்கள். மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்ட விதி யாருக்காக வந்தது என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

வீட்டில் அத்தை சொர்ணத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுபது வயது, இரண்டு முழங்காலும் வீங்கியவள். ஆறு வருஷமாக அவளுக்குக் கால் தேய்த்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிப்போய் வருகிறவள் மருமகள்தான்.

"அத்தை, அவுக நடுவக்குளத்துல இருக்காவளாம்."

கிழவியின் கை நிற்கவில்லை. "யாரு சொன்னா?"

"நீங்க சொல்லல. அதத்தான் கேக்கேன்."

கீரைக் காம்புகள் முறத்தில் சேர்ந்துகொண்டே இருந்தன. கடைசிக் காம்பையும் உருவிவிட்டுச் சொன்னாள், "சொன்னா நீ போயிருவ. அவன் என்னை வச்சுக்கிட மாட்டான். அப்புறம் எனக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

"சொல்லியிருந்தாலும் ஊத்தியிருப்பேன் அத்தை."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

கிழவி அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். கணவன் செய்தது, ஊர் செய்தது எல்லாவற்றையும்விட அந்தக் கேள்விதான் செல்வக்கனிக்குப் பெரிதாக வலித்தது. ஆறு வருஷம் தொட்டுக் குளிப்பாட்டிய உடம்புக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை, கொட்டகை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவள் பிடியை விடுவித்தாள். சுவரில் மாட்டிய பெரிய திரையில் இரண்டாயிரத்து அறுநூற்று எழுபது போய் இருபத்து மூன்று வந்தது. அவள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, ஊர் விதியை மீறி, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பதைப் போல வாசித்தாள்.

"தங்கத்துரை. இருபத்து மூன்று."

யாரும் நிமிரவில்லை. பொன்னுக்கிளி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "எங்க வாயால எப்படித் தாயி சொல்ல?"

"சித்தி, ஒங்க மகன் நம்பரை நான் இப்படி மாத்தி வச்சிருந்தா?"

பொன்னுக்கிளி சட்டென்று திரையைப் பார்த்தாள். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. புள்ளிக்குப் பின்னால் துடித்துக்கொண்டிருந்தது. அது துடிப்பதை உறுதிசெய்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்தேகாலுக்கு இருபத்து மூன்று இருபத்திரண்டானது. அத்தை போன் போட்டிருக்க வேண்டும். இருபது. பதினாறு. மோட்டார் சைக்கிள் வேகம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போக வேண்டியவர்களும் போகவில்லை. ஆறு வருஷமாக வராத ஆள் வந்துகொண்டிருப்பதை ஊர் முழுக்க நின்று பார்த்தது. பதினொன்று, ஏழு, மூன்று என்று அவன் இறங்கி வர வர, செல்வக்கனி மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெயர் மறைந்தது. வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

அவன் கொஞ்சம் தடித்திருந்தான். தலையில் முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. உள்ளே வந்தவன் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினான்.

"கனி, நான் சொல்லுததக் கொஞ்சம் கேளு."

"இப்ப மணி என்ன?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவன் போன் செய்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அங்கே வெயில் எப்படி, சாப்பாட்டு நேரமா, தூங்கப் போகும் நேரமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பாள். மஸ்கட்டில் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவன் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், யோசிக்கும் முன்பே, அவன் வாய் சொல்லிவிட்டது.

"ஒன்பதே கால்."

அவள் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில் பத்தே முக்கால். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பாதியிலேயே விழுங்கிக்கொண்டார். தங்கத்துரையின் முகம் கருத்தது.

"ஒங்க அம்மாவக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் செல்வக்கனி.

அவன் ஏதேதோ சொன்னான். அவமானம் என்றான், கடன் என்றான், எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைத்ததாகச் சொன்னான். அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும் வீட்டுக்குப் போய், அத்தையின் சேலைகளைப் பையில் மடித்து வைத்து, மாத்திரை அட்டைகளின் பின்னால் காலை, இரவு என்று எழுதி வைத்தாள். சொர்ணத்தாய் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நான் இங்கனயே கிடக்கேன்" என்றாள். செல்வக்கனி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் படியிலிருந்து எடுத்துவிட்டு, வண்டியின் பின்னால் ஏற்றி உட்கார வைத்தாள். கிழவி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. தங்கத்துரை, இருபத்து மூன்று. சொர்ணத்தாய், இருபத்து மூன்று.

எட்டு நாட்கள் அந்த இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தன. ஒன்பதாம் நாள் காலை மோட்டாரைப் போட்டபோது மகனின் எண் அதே இடத்தில் இருந்தது, தாயின் எண் இருபத்திரண்டரையாக இருந்தது. பார்க்கப் பார்க்கப் புள்ளிக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் குறைந்தது. பஸ் இப்படிக் குறையாது, வண்டி இப்படிக் குறையாது. விதியெல்லாம் செத்துப்போயிருந்ததால் வாத்தியார் வாய்விட்டே சொன்னார், "சொர்ணத்தம்மா நடந்து வாராவ."

இருபத்தொன்று. இருபது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எட்டரை மணிக்குப் பத்தொன்பது புள்ளி நாலில் எண் நின்றது. கால் மணி நேரம் ஆகியும் நகரவில்லை. கொட்டகையில் இருந்த எல்லோரும் செல்வக்கனியைப் பார்த்தார்கள். சாலையோரத்தில் ஏதோ ஒரு மரத்தடியில் கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருக்கும் உருவத்தை அவளும் பார்த்தாள். உட்காரும்போது கிழவி இடது கையைத்தான் முதலில் ஊன்றுவாள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டர் சாவி அவள் கையில் இருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, போயிக் கூட்டிட்டு வாங்க."

சுடலைமணி பாய்ந்து எழுந்தார். "இந்தா போறேன் தங்கச்சி. வீட்டுக்குக் கொண்டாந்து விட்டுருதேன்."

"எங்க வீட்டுக்கு இல்ல. ஒங்க வீட்டுக்கு."

அவர் வாசலிலிருந்து திரும்பினார்.

"நீங்களும் அத்தையும் சேந்துதான பிடிச்சு வச்சிய" என்றாள். "ராத்திரி மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னால குடுக்கணும். கீரைய நல்லா மசிச்சுக் குடுங்க, பல்லு இல்ல."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் விடும் நேரமாகியிருந்தது. செல்வக்கனி, கம்பி முடுக்கிச் சரிசெய்திருந்த இரண்டாவது மோட்டாரைப் போட்டாள், குழாய் அதிர்வதைக் கைவைத்துப் பார்த்தாள், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அன்றைய பதிவேட்டை எழுதத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே பொன்னுக்கிளியின் குரல் எண்களை வாசிக்கக் கேட்டது. பதினெட்டு என்றாள். பதினைந்து என்றாள். பதினொன்று என்றாள். செல்வக்கனி திரும்பவில்லை, வாசிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை.